ஏரியும் மலையும் பக்கத்திலேயே, வீடுதான் வரவில்லை

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோடு அழகு என்று இனி எவராவது என் காதுபட சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன். போன ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டுக்காரர் சொன்னார். அதுவும் செங்கல்பட்டு கொளவாய் ஏரி பக்கத்தில், முதல் கியரைத் தாண்டாமல் நான் கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போயிருந்த நேரத்தில். "மாப்ளே, பக்கத்துல ஏரி, பின்னால மலை. குடுத்து வச்சவங்கப்பா நீங்க!"

பொய் சொல்லவில்லை மனுஷன். அச்சிறுபாக்கத்தில் மலை, மதுராந்தகத்தில் பெரிய ஏரி, வேடந்தாங்கலுக்குத் திரும்பும் படாளம் கூட்டு ரோடு, பாலாற்றுப் பாலம், வண்டலூர் மலை, கடைசியாகத் திரிசூலம், பல்லாவரம். எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தது என்ன? முன்னால் நின்ற லாரியின் பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்'. எழுப்பினேன். நகரவில்லை.

நாலு மணிக்கு அச்சிறுபாக்கத்தில் கிளம்பி ஐந்துக்குள் செங்கல்பட்டு வந்துவிட்டோம். அங்கிருந்து குரோம்பேட்டை 35 கிலோமீட்டர் இருக்குமா? வீட்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால்.

முதல் குற்றவாளி ஏரியை ரசிக்கிறவர்கள்தான். ஹசார்டு லைட்டைப் போட்டால் நடுரோட்டில்கூட நிறுத்தலாம் என்று எந்த டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருகிறார்கள்? ஒரு குடும்பமே இறங்கி வரிசையாக நின்று செல்ஃபி எடுக்கிறது. பாட்டிக்கு வெயில் கண்ணில் படுகிறதாம், இடம் மாற்றி இன்னொன்று. பின்னால் நிற்கும் நாங்கள் என்ன, கல்யாண மண்டபத்துக் கூட்டமா?

அப்புறம் சுங்கச்சாவடி. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறது, மெஷின் படிக்காது. கையில் கருவியோடு ஒரு பையன் ஓடிவந்து கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கிறான். "சார், கொஞ்சம் பின்னால எடுங்க." பின்னால் எங்கே எடுப்பது, அங்கே ஒரு ஆம்னி பஸ் என் டிக்கியை முகர்ந்துகொண்டு நிற்கிறது!

சிங்கப்பெருமாள் கோயில், பொத்தேரி, கூடுவாஞ்சேரி எல்லாம் ஒரே கதைதான், விடுங்கள். கிளாம்பாக்கம்தான் உச்சம். 2023 டிசம்பர் கடைசியில் பஸ் நிலையம் திறந்தபோது, வெளியூர் பஸ் கோயம்பேடு வரை போகவேண்டாம், நெரிசல் தீரும் என்று நம்பினவன் நான். கோயம்பேட்டுக்குத் தீர்ந்திருக்கலாம். எங்களுக்கு, திரும்பும் பஸ் ஒரு பக்கம், அதைப் பிடிக்க ரோட்டைக் குறுக்கே கடக்கும் ஜனம் ஒரு பக்கம், எதிர்த்திசையில் கூச்சமே இல்லாமல் வரும் பைக் ஒரு பக்கம். திட்டினால் அவன் நம்மை முறைக்கிறான்.

பல்லாவரத்தில்தான் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அந்தக் கோடரியைச் செதுக்கிய ஆதிமனிதன் செங்கல்பட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாலும் நின்று நின்று வந்திருக்க மாட்டான். நான் தாம்பரம் தாண்டும்போது கையில் ஒரு கோடரி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு போனை எடுத்தால், மாமாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கொளவாய் ஏரி, சாயங்கால வெளிச்சம், தண்ணீரில் மலை நிழல். கீழே 'சூப்பர் டிரைவ் வித் மாப்ளே'. வண்டி 20 நிமிஷம் ஒரே இடத்தில் நின்றதால்தான் படம் ஆடாமல் அவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது!