ஃபிளின்ட் தண்ணீர் விவகாரம்: ஒரு திருத்தம்

'அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் ஈயம் கலந்த ஆற்றுத் தண்ணீரைத் தெரிந்தே கொடுத்தார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது அப்படியல்ல. ஆற்றில் ஈயம் இருக்கவில்லை. ஈயம் இருந்தது பழைய குழாய்களில்.

2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க பக்கத்து நகரான டெட்ராய்ட்டின் தண்ணீரை விட்டு ஃபிளின்ட் ஆற்றுக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை, அதனால் குழாயின் உட்புறம் அரித்து ஈயம் தண்ணீரில் கரைந்தது. இதுவரை சரி, அலட்சியம் என்று சொல்லலாம். மாநில அதிகாரிகள் அந்த மருந்து பற்றிய விதியைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் அப்புறம் நடந்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது. அதே ஆண்டு அக்டோபரில் உள்ளூர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. இரும்புக்கே ஆகாத தண்ணீரை ஊர்ப் பிள்ளைகள் இன்னும் ஒரு வருடம் குடித்தார்கள்! 2015-இல் அரிப்புத் தடுப்பு நடக்கிறது என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை மத்திய சுற்றுச்சூழல் முகமைக்குத் தவறாகச் சொன்னது. ஈயப் பரிசோதனையில் இரண்டு மாதிரிகளைக் கணக்கிலிருந்து நீக்கியதும் அளவு வரம்புக்குள் வந்துவிட்டது. செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டும் பரிசோதனை விவரங்களை வெளியிட்டபோதும் முதலில் அவரைத்தான் குறை சொன்னார்கள்.

எனவே 'திட்டமிட்ட விஷம்' என்பதற்கு ஆதாரம் இல்லை. தெரிந்த பிறகும் மூடி மறைத்ததற்கு நிறையவே இருக்கிறது.