அவர்கள் சண்டைதான் போடுகிறார்களா?

சனிக்கிழமை நான் பகிர்ந்த, இரண்டு மலாய் ஆண்கள் மோதும் ஓவியத்துக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விவரிக்க மனசில்லை. "குத்து வெட்டைத் தவிர அவனுங்களுக்கு வேற என்னம்மா தெரியும், அதைத்தான் வரைஞ்சிருக்கான்" என்று ஒருவர் எழுத, எனக்குத் தெரிந்தவர்களே பதினேழு பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அது அம்ரோன் ஓமார் வரைந்த ஓவியம், சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலையைப் பற்றியது. மலேசியாவின் கெடா மாநிலத்துக்காரர். 1980-களில் இருந்து சிலாட் ஆடும் ஆண்களை 'பெர்த்தாருங்கான்' என்ற தலைப்பில் திரும்பத் திரும்ப வரைந்தவர். 2012-இல் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் அந்த வரிசைக்கென்றே கண்காட்சி வைத்தார்கள். பெர்த்தாருங்கான் என்றால் மோதல் என்று எனக்கும் தெரியும். ஆனால் படத்தைப் பார்த்தீர்களா? இரண்டு உடம்பும் அவ்வளவு நெருக்கம். ஒருவர் மற்றவரைத் தள்ளுகிறாரா தாங்கிப் பிடிக்கிறாரா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மலாய் வீரன் ஹங் துவா கதையை நாமும் பள்ளியில்தானே படித்தோம்? துவா குத்திய அவன் நண்பன் ஜெபாட், அதே துவாவின் மடியில்தான் உயிரை விடுகிறான். குத்தியவன் மடியும் நண்பன் மடியும் ஒன்று. அதைத் தெரிந்துகொண்டு இந்தப் படத்தைப் பாருங்கள். பார்க்காமல் சிரிக்காதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

1868-69 வாக்கில், லண்டன் இனவியல் சங்கத்தைச் சேர்ந்த லாம்ப்ரி என்பவர், மனித உடம்புகளை அளந்து ஒப்பிடுவதற்காக ஒரு மரச்சட்டத்தில் பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். கட்டம் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். அந்தச் சட்டத்தின் முன்னால் ஒரு மலாய் ஆளைத் துணியில்லாமல் நிறுத்தி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்தார். அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது, 'மலாயா ஆண்' என்று மட்டும் குறிப்பு. 2009-இல் சபாவைச் சேர்ந்த கலைஞர் யீ ஐ-லான் அந்தப் படங்களையே தன் கலைக்குள் எடுத்து வந்தார். இன்னொரு மலேசியக் கலைஞர் அஹ்மாட் ஃபுவாட் ஓஸ்மான், பழைய வரலாற்றுப் புகைப்படங்களுக்குள் நீளமுடி வைத்த இந்தக் காலத்து மலாய் இளைஞன் ஒருவனைக் கொண்டுபோய் நிற்க வைத்தார். ஆக, வீரன் இல்லாவிட்டால் சோம்பேறி என்ற கட்டத்துக்குள் அடங்காத மலாய் ஆணை இவர்கள் எத்தனையோ வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் தமிழ் ஆட்கள் இன்னும் பட்டு நூல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, "அவங்க நாடகத்துல நம்மளை எப்படிக் காட்டுறாங்க, அதைக் கேட்டியா?" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கேட்டேன். உங்களைவிட அதிகமாகவே கேட்டேன். என் தம்பி கறுப்பு, மீசை அடர்த்தி. கல்லூரி நாடகத்தில் மூன்று வருஷமும் அவனுக்கு ஒரே வேஷம்தான்: பாராங் கத்தியோடு வரும் அடியாள். கடைசி வருஷம் வீட்டுக்கு வந்து, "அக்கா, என் மூஞ்சியே அப்படியா?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அந்த வலி தெரிந்ததால்தான் சொல்கிறேன், அதையே இன்னொருத்தர் முகத்துக்குச் செய்யாதீர்கள் என்று. இதை இனத்துரோகம் என்கிறீர்களே, இதில் எங்கே துரோகம் வந்தது?

"பொம்பளை, ஆம்பளை உடம்பைப் பத்தி எழுதுறியே" என்றவருக்குப் பதில் கிடையாது.

நான் வளர்ந்தது கிள்ளானில். பக்கத்து வீட்டுப் பாக்சிக் (மலாய் மாமாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) லோரி ஓட்டுனர், சிலாட் குருவும்கூட. ராத்திரி ஒரே ஒரு டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்த மனிதர் காலையில் செய்ததை யாராவது வரைந்தால் நன்றாக இருக்கும். சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு மெர்போக் புறாக் கூண்டைக் கீழே இறக்குவார். தண்ணீர் தெளிக்கும் குப்பியை உள்ளங்கையில் ஒரு தரம் அடித்துப் பார்ப்பார், தண்ணீர் கடுமையாக விழுகிறதா என்று. அப்புறம்தான் புறாவின் மேல் அடிப்பார், பனி மாதிரி. அது கூவினால் இவரும் கூவுவார். அவ்வளவு பெரிய கைகள். இந்தக் கைகளைப் பற்றியா "வேற என்ன தெரியும்" என்கிறீர்கள்? என் தம்பிக்குச் சைக்கிள் பழக்கிவிட்டதும் அந்தக் கைகள்தான். அவனை யாரும் அடியாளாகப் பார்ப்பதற்கு முன்னால், "குட்டி" என்று தமிழிலேயே கூப்பிட்டவர் அவர்.

பதிவை எடுக்கச் சொல்லி மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒருவர் சொந்தக்காரர். எடுக்கமாட்டேன்.

பாக்சிக் தவறிப்போன பிறகு அவர் மனைவி கடைசிப் புறாவைக் கூண்டோடு எங்கள் வீட்டுக்கே கொடுத்துவிட்டார். இன்று காலையும் தம்பிதான் அதைக் குளிப்பாட்டினான். குப்பியை முதலில் தன் உள்ளங்கையில் ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு.