‘முத்திரை குத்துவதற்கு எதற்குப் பயிற்சி?’

பெரியம்மாவின் பவர் பத்திரம் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. சுருக்கம் இதுதான்: இங்கே சிங்கப்பூரில் இருக்கும் பெரியம்மா, பட்டா பெயர் மாற்றத்துக்கு என்று நம்பி, தமிழ்நாட்டில் உள்ள தன் நிலத்தை விற்கும் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆவணங்களுக்குச் சான்று தரும் நோட்டரி ஒருவர் சரியாக விசாரிக்காமல் அதில் முத்திரை குத்தினார். நோட்டரிகளுக்குப் பயிற்சி வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களில் ஒன்று மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. “முத்திரை குத்துவதற்கு எதற்குப் பயிற்சி? ஓர் எழுத்தர் வழக்கறிஞர்களுக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிட்டார்.” எழுதியவர் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

ஆம், நான் எழுத்தர்தான். 19 ஆண்டுகளாகச் சட்ட அலுவலகங்களில் கோப்பு தூக்குகிறவள். நோட்டரி அறைக்கு வெளியே நாற்காலி போட்டு எத்தனையோ பேரை உட்காரவைத்திருக்கிறேன். கையில் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, “எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?” என்று மட்டும் கேட்கிறவர்களே அதிகம். “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதையெல்லாம் பார்த்தவள் என்பதால்தான் சொல்கிறேன்: நோட்டரியின் வேலை முத்திரை குத்துவது அல்ல. எதிரில் உட்கார்ந்திருப்பவர் அவர்தானா, காகிதத்தில் இருப்பது அவருக்குப் புரிந்திருக்கிறதா, யாருடைய நெருக்குதலும் இல்லாமல் கையெழுத்திடுகிறாரா என்று பார்ப்பதுதான் வேலை. அது முடிந்ததற்கு அடையாளம்தான் முத்திரை.

பெரியம்மா விஷயத்தில் முத்திரையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். 2019 அக்டோபர் 1 முதல் இங்கே நோட்டரி செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் சான்றிதழ் இணைக்க வேண்டும்; அதைச் சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் உறுதிப்படுத்த வேண்டும். 2021 செப்டம்பர் 16 முதல், ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் அப்போஸ்டில் என்ற சான்று முறையும் வந்துவிட்டது. இந்தியா 2005 முதலே அதற்கான நாடுகளுக்கிடையேயான உடன்படிக்கையில் இருப்பதால் காகிதம் நேராக ஊருக்குப் போய்விடுகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அப்போஸ்டில் எதை உறுதிசெய்கிறது? கையெழுத்து இன்ன நோட்டரியுடையது, முத்திரை அவருடையது, அவர் அந்தப் பதவியில் இருக்கிறார், அவ்வளவுதான். உள்ளே எழுதியிருப்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. 78 வயதுப் பெண் ஒருத்தி, பட்டா பெயர் மாற்றத்துக்கு என்று நம்பி, தன் பங்கு நிலத்தை விற்கும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாளா என்று அப்போஸ்டிலுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நோட்டரி.

ஊரில் இருப்பவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். இந்தியப் பதிவுச் சட்டம் 1908-இன் 33-ஆவது பிரிவின்படி, பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்கும் அதிகாரத்தை இன்னொருவருக்கு எழுதித் தருகிறவர் இந்தியாவில் வசித்தால் பதிவு அதிகாரி முன்னால் எழுதித் தர வேண்டும். வெளிநாட்டில் வசித்தால் நோட்டரி முன்னால் எழுதினாலே செல்லும். அதாவது நமக்கு நோட்டரிதான் சார்பதிவாளர். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் நான்கு நிமிடத்தில் வேலையை முடித்தார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கூட வந்திருந்த இளைஞன், நிலத்தைக் கேட்கும் பெரியம்மாவின் தம்பி மகனுக்கு நண்பன், “நான் விளக்கிச் சொல்லிவிட்டேன்” என்றான். நோட்டரி தலையை ஆட்டினார். ஆதாயம் பெறப் போகிறவனின் நண்பனே மொழிபெயர்ப்பாளன்!

இதைத்தான் பயிற்சி என்கிறேன். தனியாக உட்காரவைத்துக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாப் பெரியம்மாக்களும் “புரிந்தது” என்றுதான் சொல்வார்கள், பெரிய மனிதர் முன்னால் புரியவில்லை என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்கள். “இதில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் வாயால் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். கேட்டதையும் கிடைத்த பதிலையும் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். இதில் எது பெரிய வித்தை?

“இங்கே நோட்டரிகள் எல்லாரும் நீண்ட அனுபவமுள்ள வழக்கறிஞர்கள், அவர்களுக்கு ஆண்டுதோறும் தொழிற்கல்வி உண்டு” என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உண்மை. ஆனால் கப்பல் வழக்கில் கரைகண்டவருக்கு தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரத்தநாட்டுப் பத்திரத்தின் மொழி தானாக வந்துவிடுமா? முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் வந்தார். ஊர்ப் பத்திரத்தில் அவர் பெயர் தந்தையின் தலைப்பெழுத்தோடு இருந்தது. இங்கே அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’, அதாவது இன்னாரின் மகன், என்று போட்டு, வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று காகிதத்தில் ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்தது. மறுபடி கட்டணம், மறுபடி முத்திரை. இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை அவர் என் முகத்தைப் பார்த்து, “அம்மா, நான் நான்தான் என்று சொல்ல இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்றார். நம் பெயர்கள் இப்படித்தான் இருக்கும் என்பதை ஒரு பிற்பகல் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருந்தால் அந்த மனிதர் மூன்று முறை அலைந்திருக்க மாட்டார்.

இங்கிலாந்தில் 1533-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நோட்டரிகளை மேற்பார்வையிடும் அலுவலகம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞராக இருந்தால் மட்டும் போதாது. நோட்டரித் தொழிலைத் தனியாகப் படிக்க வேண்டும், தொடக்க ஆண்டுகளில் மூத்த நோட்டரியின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். லண்டனில் ஸ்கிரிவனர் எனப்படும் தனிப் பிரிவு நோட்டரிகளுக்கு வெளிநாட்டு மொழித் தேர்ச்சியும் வேண்டும். கலிபோர்னியாவில் நோட்டரி வழக்கறிஞராகக்கூட இருக்க வேண்டியதில்லை, அங்கேயும் 6 மணி நேரப் பாடமும் தேர்வும் உண்டு. அங்கெல்லாம் முத்திரை குத்துவதற்காகவா பாடம் நடத்துகிறார்கள்?

நேரம் ஆகும், செலவு கூடும் என்கிறீர்கள். பட்டச் சான்றிதழ் நகலுக்கு முத்திரை வாங்க வருகிறவரை ஒரு மணி நேரம் உட்காரவைக்கச் சொல்லவில்லை. சொத்தைக் கைமாற்றும் காகிதத்துக்குச் சொல்கிறேன். இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

என்னைக் குத்தியது வேறு. “நீ ஏன் கூடப் போகவில்லை?” என்று என் சொந்த அத்தை மகளே கேட்டாள். வியாழக்கிழமை அது. எனக்கு அலுவலகத்தில் கோப்புகள் குவிந்திருந்தன. பெரியம்மா தொலைபேசியில், “பட்டா விஷயமாம் அம்மாடி, பையன் அழைத்துப்போகிறான், நீ அலையாதே” என்றார். இரண்டு மணி நேரம் விடுப்பு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கோப்பு தூக்குகிறவள், என்னை வளர்த்தவளின் ஒரு காகிதத்தைப் படித்துப் பார்க்கவில்லை. இதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஆனால் ஒன்று கேட்கிறேன். விடுப்பு எடுத்து வர ஒரு தங்கை மகள் இருந்தால்தான் சட்டம் காப்பாற்றும் என்றால், யாருமே இல்லாத கிழவிகள் என்ன செய்வார்கள்? இங்கே தேக்கா வட்டாரத்தில் காய்கறிப் பையோடு மெல்ல நடந்துபோகும் எத்தனை பேரைப் பார்க்கிறோம். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பாடநூலில் இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் அந்த மேசையில் மட்டும் அது கூட வந்தவனின் வாயில் இருந்தால் எப்படி?

பெரியம்மா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். 21 வயது. அந்த நிலம் அவருடைய அப்பா பிரித்துக் கொடுத்த பங்கு. ஒரு நாள்கூட அதில் விளைந்ததைச் சாப்பிட்டதில்லை. “அது எனக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்பதற்காக” என்று மட்டும் சொல்வார். அதைப் போய்ச் சின்ன நிலம்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எழுதுகிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பவரை ரத்துசெய்யும் பத்திரம் எழுத வேறொரு நோட்டரியிடம் அழைத்துப்போனேன். இந்த முறை நானும் உள்ளே நுழைந்தேன். அவர் என்னைத்தான் முதலில் வெளியே போகச் சொன்னார். சுருக்கென்றிருந்தது, பிறகுதான் அவர் செய்தது சரி என்று உறைத்தது. தமிழ் பேசும் தம் உதவியாளர் ஒருவரை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். 40 நிமிடம். வெளியே வந்த பெரியம்மாவிடம் என்ன கேட்டார்கள் என்றேன். “எல்லாம் கேட்டார்கள். யார் கூட்டிவந்தது, நிலம் எங்கே இருக்கிறது, யாராவது மிரட்டினார்களா, உன்னைப் பற்றிக்கூடக் கேட்டார்கள்” என்றார். குரலில் நெடுநாள் கழித்து ஒரு நிமிர்வு இருந்தது. முதல் அறையிலும் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் இரண்டாவது அறைக்கு நாங்கள் போயிருக்கவே வேண்டாம்.

ரத்துப் பத்திரம் அப்போஸ்டிலோடு நேற்றுக் கூரியரில் போயிருக்கிறது. பழைய பவரை வைத்து இதுவரை எதுவும் பதிவாகவில்லை என்று ஊரிலிருக்கும் வழக்கறிஞர் சொல்கிறார். பெரியம்மா காலையிலும் மாலையிலும் அழைத்து, “போய்ச் சேர்ந்துவிட்டதா?” என்று கேட்கிறார். இன்னும் இல்லை.