சாப்பாட்டு நேரத்தில் அவள் யாரோடு உட்காருகிறாள்?

ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. வீட்டுப்பாடம் தவறாது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யார் மீதும் புகார் சொல்ல மாட்டாள். "அமைதியான, நல்ல பிள்ளை" என்று அவளுடைய மதிப்பெண் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

டிசம்பரில் ஒரு மதியம், தலைவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சத்துணவுத் தட்டோடு வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் விரட்டவில்லை. யாரும் நகர்ந்து இடம் விடவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டித் திண்டில் போய் உட்கார்ந்தாள். முட்டையைக் கிள்ளிக் கிள்ளி, மணி அடிக்கிற வரைக்கும் சாப்பிட்டாள்.

ஜூனிலிருந்தே அப்படித்தானாம். ஆயாம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

உயரம் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம். வாசிப்பில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை என்று செயலியில் ஏற்றுகிறோம். இந்தப் பிள்ளைக்கு ஒரு தோழியாவது இருக்கிறாளா என்று மட்டும் எங்கும் யாரும் கேட்பதில்லை.

அதையெல்லாம் அளக்க முடியுமா என்பார்கள். முடியும். ராபர்ட் குட்மேன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்ட வினாத்தாளில் மொத்தமே 25 வரிகள்தான். அதில் 5 வரிகள் சகவயதுப் பிள்ளைகளோடு உள்ள உறவைப் பற்றியவை: தனியாகவே விளையாடுகிறதா, மற்ற பிள்ளைகள் சீண்டுகிறார்களா, நல்ல நண்பர் ஒருவராவது உண்டா. பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒரு தாள். 11 வயதானால் பிள்ளையே நிரப்பலாம்.

ஆனால் அந்த நண்பர் வரியை அன்று காலை என்னிடம் நீட்டியிருந்தால் "நிச்சயமாக உண்டு" என்றுதான் டிக் போட்டிருப்பேன். அவள் அம்மாவும் அப்படித்தான் போட்டிருப்பார். உண்மை அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் பிள்ளையைக் கேளுங்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன சொல்லத் தெரியும் என்பது வெறும் சாக்கு. 1984-லேயே அமெரிக்காவில் ஸ்டீவன் ஆஷரும் உடன் ஆய்வு செய்தவர்களும் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் தனிமையைப் பற்றி நேரடியாகவே கேட்டார்கள். அவர்களுடைய 24 வரிகளில் 8 வரிகள் படம் வரையப் பிடிக்குமா, பாட்டு பிடிக்குமா என்கிற மாதிரி. பிள்ளை கூச்சம் விட்டுப் பதில் சொல்வதற்காக. அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

நான் செய்தது இன்னும் எளிது. யார் பக்கத்தில் உட்கார ஆசை, மூன்று பெயர் எழுதி மடித்துக் கொடுங்கள் என்றேன். (யாரைப் பிடிக்காது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே காயம்.) அவள் மூன்று பெயர் எழுதியிருந்தாள். அவள் பெயர் ஒரு சீட்டிலும் இல்லை.

அந்த மூவரில் ஒருத்தியிடம் தனியாகப் பேசினேன். "அவளுக்குத்தான் எங்களப் புடிக்காதுன்னு நெனச்சோம் டீச்சர்" என்றாள்.

எல்லாத் தனிமையும் இப்படிக் கூச்சத்தில் முடிவதில்லை. பள்ளிகளில் சாதி வேற்றுமையை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு, வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது நம் ஊரில் அவ்வளவு பெரிய விஷயம். சீட்டில் வராத பெயர்களுக்குப் பின்னால் தெருப் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு பயம். இதுவும் செயலியில் இன்னொரு கட்டமாகி, எந்தப் பள்ளி முதலிடம் என்று பட்டியல் போட ஆரம்பித்தால், மறுநாளே எல்லாப் பிள்ளைக்கும் நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள், காகிதத்தில். அந்தச் சீட்டுகள் வகுப்பாசிரியரிடமே இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை இப்போதும் எழுதி வாங்குகிறேன். போன வாரம் இரண்டு சீட்டில் அவள் பெயர் இருந்தது. பாதியில் வந்து சேர்ந்த ஒரு பையனின் பெயர் எதிலும் இல்லை. நாளைக்கு மதியம் அவன் எங்கே உட்காருகிறான் என்று பார்க்க வேண்டும்.