நூறு சதவீதமும் ஒரு டி.சி.யும்

நேற்று முழுக்க, கத்தோலிக்கத் துறவிகளான சேசு சபையினர் நடத்தும் நம் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் என்ன ஓடியது என்று எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் "ஒரு பையனுக்கு டி.சி. கொடுத்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா" என்று ஒருவர் கேட்டாரே, அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்களே, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஒன்பதாவதில் கணக்கு வராத பையன். பத்தாவது போனால் ஃபெயிலாகிவிடுவானாம். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, வேறு பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால் பாஸ் போட்டுத் தருகிறோம் என்று பக்குவமாகப் பேசி டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதே வாரம் கேட்டில் ஃபிளெக்ஸ், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசாங்கமே 2017இல் நிறுத்திவிட்டது, நமக்கு ஃபிளெக்ஸ் இல்லாமல் தூக்கம் வராது. தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பன் கதையை அசெம்பிளியில் எத்தனை முறை கேட்டிருப்போம்? இங்கே ஒன்றைத் துரத்திவிட்டு மிச்சத்தை எண்ணி நூறு என்கிறோம். கணக்கு வராதவன் அந்தப் பையனாம்.

நானும் ஒன்பதாவது காலாண்டில் கணக்கில் 22தான். விடைத்தாளின் உச்சியில் எல்லாரையும்போல ஏ.எம்.டி.ஜி. என்று எழுதியிருந்தேன், சேசு சபையின் லத்தீன் முழக்கத்தின் சுருக்கம், 'இறைவனின் அதிமிக மகிமைக்கே'. அதற்கு நேர் கீழே சிவப்பு மையில் 22. அப்போதைய தலைமையாசிரியர் ஃபாதர் தாளைத் தூக்கிப் பார்த்து, "இதுல அவருக்கு என்னடா மகிமை?" என்றார். அறை விழும் என்று நின்றேன். விழவில்லை. மறுநாள் சாயங்காலத்திலிருந்து வராந்தாவில் பதினோரு பேருக்கு ஸ்டடி. மழைக்காலம், டியூப்லைட்டைச் சுற்றி ஈசல், நோட்டெல்லாம் உதிர்ந்த இறக்கை. வாய்ப்பாட்டிலிருந்து அவரே ஆரம்பித்தார். பத்தாவதில் 61 வாங்கினேன். பதினோரு பேரில் இரண்டு பேர் ஃபெயில். அந்த வருடம் நூறு சதவீதம் இல்லை, பள்ளிக்கூடம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்பீர்கள். நடக்கிறது. எல்லா இடத்திலும் 'நாம் ஒரே குடும்பம்' என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களா? ரிசல்ட் குறைந்தால் மேலிடத்தில் ஆசிரியர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள், அது உண்மை, மறுக்கவில்லை. அதற்கு அந்தப் பையன் என்ன செய்வான்? அப்புறம், 'ஒழுங்கு, கண்டிப்பு' என்று எழுதிய நண்பருக்கு: அவன் யாரையும் அடிக்கவில்லை, திருடவில்லை, கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். லேப் ஜன்னலை உடைத்த அன்றைக்கு உன்னை அனுப்பியிருந்தால் இன்று எந்தக் குழுவுக்கு அட்மினாக இருந்திருப்பாய்?

1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் சேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்களிடம் சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே பேசினார். 'பிறருக்காக வாழும் மனிதர்கள்' என்று பேட்ஜில் குத்திக்கொள்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான். நீதிக்காக உங்களைப் பயிற்றுவித்தோமா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். சபைத் தலைவர் ஒத்துக்கொண்டதை நம் அட்மின் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"நீ கத்தோலிக்கனே இல்லை, உனக்கெதுக்கு இந்தப் பேச்சு" என்று ஒருவர் தனியாக அனுப்பியிருக்கிறார். அண்ணா, நீங்கள் மறைக்கல்விக்குப் போன நேரத்தில் நான் பக்கத்து அறையில் நன்னெறி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், சரிதான். ஆனால் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' எனக்கு இன்றும் தடுக்காமல் வரும். 'எங்கள்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இடம் வரும்போது நீ மட்டும் வாயை மூடிக்கொள் என்று ஏழு வருடத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

ஜூலை 31, சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் விழா சந்திப்புக்கு என் பங்கு 2,000 ரூபாய் கேட்டிருந்தீர்கள். பிரியாணி, மேடை, நினைவுப் பரிசு. நான் வரவில்லை. அந்தப் பையனின் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார், நம்மில் பாதிப் பேர் அங்கே சாப்பிட்டவர்கள்தான். நேற்று ராத்திரி போனபோது சில்லறையை எண்ணிக்கொண்டே, "நீங்களும் அங்க படிச்சவருதானே சார், ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?" என்றார். பையன் இன்னும் எங்கும் சேரவில்லை. சொல்கிறேன் என்றேன். இன்று காலையிலிருந்து மூன்று முறை போன் போட்டாயிற்று. விழா மேடை விஷயமாக மீட்டிங்கில் இருக்கிறாராம்.