ஸ்டாக் இல்லம்மா

எங்கள் மருந்துக்கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு பார்வர்டு போட்டிருந்தார். அமெரிக்காவில் ஒரு கடைக்காரர் தன் மதத்துக்கு விரோதமான மாத்திரையை விற்கமாட்டேன் என்று கோர்ட் வரை போனாராம், அவரைப் பார்த்து நாமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். மண்டபத்துக்காரர், கீழக்கரைக்காரர், தொண்டிக்காரர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லாரும் கூப்பியிருந்தார்கள். மூன்று மதமும் ஒற்றுமையாக வாழும் கடற்கரை என்று மேடையில் பேசுவோமே, அது முழுதாகப் பலித்த இடம் இதுதான் போலிருக்கிறது.

அங்கே பதில் எழுதினால் முதலாளிக்குப் போன் போகும். அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

நான் டி.பார்ம் படித்தவள். பத்தொன்பது வருடமாகப் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், ராமேஸ்வரம் தீவில், மெடிக்கலில் நிற்கிறேன். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவள். சாமி இல்லை என்று சொல்லிவிட்டு இதை எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கதையின் மீதிப் பாதி. வாஷிங்டன் மாநிலத்தில் 2007-இல் ஒரு விதி வந்தது. மருந்தாளுநர் ஒருவருக்கு மனசாட்சி இடிக்கிறது என்றால் அவர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் அதே கடையில் இன்னொரு மருந்தாளுநர் எடுத்துக் கொடுத்தாக வேண்டும், கடை கைவிரிக்கக் கூடாது. ஒலிம்பியா என்ற ஊரில் ஒரு குடும்பத்தார் நடத்திய கடை, அவசரக் கருத்தடை மாத்திரையை நாங்கள் வைக்கவேமாட்டோம் என்று வழக்குப் போட்டது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. கடைக்காரர் தோற்றார், பார்வர்டில் அந்த வரி மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. அந்தக் கடைக்காரர்களின் முக்கியமான வாதம் என்ன தெரியுமா, எங்களைச் சுற்றி ஐந்து மைலுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கடைகளில் அந்த மாத்திரை கிடைக்கிறதே, எங்களை ஏன் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்பதுதான்.

ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். எங்கள் கடையிலிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் அந்த மாத்திரை வைத்திருக்கும் ஒரு கடையைக் காட்டுங்கள் பார்க்கலாம். இத்தனைக்கும் லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த அவசர மாத்திரையை டாக்டர் சீட்டில்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதை வைத்திருக்கும் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார் என்று பாதிப் பேர், ஊர் ஏதாவது பேசும் என்று மீதிப் பேர். கேட்டால் மட்டும் எல்லாருக்கும் கடவுள் வந்துவிடுவார்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், கொரோனா நேரத்தில் கடனுக்கு மருந்து கொடுத்தவர். அவர் கேட்பார்: "ஏம்மா, நான் கருவாட்டுக் கடை வச்சிருந்து திருக்கை மட்டும் விக்கமாட்டேன்னா எவனாவது கேப்பானா? என் கடை, என் இஷ்டம்." நியாயம் மாதிரித்தான் கேட்கும். ஆனால் கருவாட்டை யார் வேண்டுமானாலும் சாக்கை விரித்து விற்கலாம். சீட்டுக்குத் தருகிற மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் வருடச் சட்டம் வேலி போட்டு வைத்திருக்கிறது. அந்த வேலிக்குள் உட்கார்ந்துதான் நாம் சோறு சாப்பிடுகிறோம். வேறு யாரையும் விற்கவிடாமல் நம்மிடம் ஒப்படைத்த ஒன்றை, நானும் விற்கமாட்டேன் என்றால் வாங்க வந்தவள் எங்கே போவாள்? பிரான்சில் போர்தோ பக்கம் ஒரு சிற்றூரில் 1995-இல் இரண்டு மருந்துக்கடைக்காரர்கள் டாக்டர் எழுதிய கருத்தடை மாத்திரையைத் தர மறுத்து அபராதம் கட்டினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2001-இல் அந்த நீதிமன்றமும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: சீட்டுக்கு, மருந்துக்கடையில் மட்டுமே கிடைக்கிற பொருள் இது, உங்கள் நம்பிக்கையை வேறு வழிகளில் காட்டிக்கொள்ளுங்கள், வாங்க வந்தவர் மேல் சுமத்தாதீர்கள். நம் நாட்டு டாக்டர்களுக்கும் 2002-ஆம் வருட நடத்தை விதிகளில், மருத்துவத் தேவை இருக்கும்போது மதத்தை மட்டும் காரணம் காட்டிக் கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ உதவ மறுக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. "நான் தரமாட்டேன்" என்று சொல்லும் கடைக்காரர் ஒருவரைக்கூட நான் இந்தப் பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. எல்லாரும் சொல்வது "ஸ்டாக் இல்லம்மா". சிலர் கூடவே "புதன்கிழமை வரும்" என்றும் சேர்த்துக்கொள்வார்கள், சும்மா, வாய்க்கு வந்த கிழமை. சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்கு ஞாயிறு காலை வந்து நிற்கிற பெண்ணுக்கு அந்த மாத்திரை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், சீக்கிரம் போடப் போடத்தான் பலன். அவள் புதன்கிழமை வரை காத்திருந்தால் முடிந்தது கதை.

நானும் சொல்லியிருக்கிறேன்.

2009. இந்தக் கடை இல்லை, அதற்கு முன்னால் இருந்த கடை. ஒரு பெண் சீட்டை நீட்டினாள், இருபது வயதுகூட இருக்காது. மிசோப்ரோஸ்டால் என்று எழுதியிருந்தது, கருக்கலைப்புக்கும் கொடுக்கிற மாத்திரை. சீட்டைப் படித்ததும் நான் பார்த்தது அவள் கழுத்தை. சுடிதார் ஷாலைச் சுற்றிப் போட்டிருந்ததால் தாலி தெரியவில்லை. அவ்வளவுதான், எனக்குள்ளே ஒரு பங்குச்சாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டிராயரில் இரண்டு அட்டை கிடந்தது. "ஸ்டாக் இல்லம்மா, ராமநாதபுரத்துல கேட்டுப் பாரு" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இரண்டு மாதம் கழித்துப் பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் மருமகளாம். மூன்று மாதத்தில் தானாகக் கலைந்துவிட்டதாம், உள்ளே மிச்சம் தங்கிவிட்டது, அது வெளியே வருவதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையாம் அது. இங்கே இல்லை என்றதும் அப்படியே பஸ் ஏறியிருக்கிறார்கள், 40 கிலோமீட்டருக்கு மேல். பாலம் தாண்டி உச்சிப்புளி வருவதற்குள் உட்கார்ந்த இருக்கையெல்லாம் ரத்தம். கண்டக்டர் நல்லவர், நேராக ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னாராம். பிழைத்துக்கொண்டாள். "நீதான் பாவம், இருந்தா குடுத்திருப்ப தாயி" என்றார் அந்த அம்மா.

அவர் இன்னும் மாதாமாதம் என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். நான் அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், அது வேறு.

ஒரு மருந்தின் பெயரைப் பார்த்ததும் கதை முழுவதும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். மிசோப்ரோஸ்டால் முதலில் வயிற்றுப் புண்ணுக்காக வந்த மருந்து, பிரசவத்தில் ரத்தம் நிற்காதபோதும் கொடுக்கிறார்கள். கருத்தடை மாத்திரையை மாதவிடாயில் பத்து நாள், பதினைந்து நாள் ரத்தம் போகிற பெண்களுக்கு எழுதுகிறார்கள், கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு நீர்க்கட்டிக்கு எழுதுகிறார்கள். அவசர மாத்திரையைக் கருக்கலைப்பு மாத்திரை என்றே நம் ஆட்கள் சொல்கிறார்கள். அது கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிற மருந்து. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. கரு ஒட்டுவதைத் தடுக்கலாம் என்று அதன் உறையில் பல வருடம் இருந்த வாசகத்தை 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறையே எடுத்துவிட்டது. விற்கிற நமக்கே இது தெரியாது, மனசாட்சி மட்டும் தயாராக இருக்கிறது.

அப்புறம் அந்த மனசாட்சி தூங்குகிற நேரமும் எனக்குத் தெரியும். சில்டெனாபில், அதாவது வயாக்ரா, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆண்கள் கண்ணைக் காட்டினாலே பேப்பரில் சுற்றி ஒற்றை மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அப்போது யாரும் வேதம் ஓதிப் பார்த்ததில்லை. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஆண்களெல்லாம் கரையில். அந்த மாதங்களில் ஆண்கள் கேட்கிற அந்த மாத்திரையும் ஓடும், கருத்தடை மாத்திரை கேட்டுப் பெண்களும் தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். அவனுக்கு இருக்கும், அவளுக்கு ஸ்டாக் இருக்காது.

வாங்குகிறவருக்கும் மதம் உண்டு, அதை மறுக்கவில்லை. கீழக்கரைப் பெரியவர் ஒருவர் கேப்ஸ்யூலைக் கையில் வைத்துக்கொண்டு "இந்த உறை எதுலம்மா செஞ்சது?" என்று கேட்பார். ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வருகிற சைவக்காரர்களும் இதையே கேட்பார்கள். பெரும்பாலும் ஜெலட்டின், மாடு அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது என்று உள்ளதைச் சொல்வேன், மாத்திரையாகவோ சிரப்பாகவோ இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றித் தருவேன். நோன்பு மாதத்தில் எந்த மாத்திரையை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு, எதை நோன்பு திறந்தபின் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் அது அவர் உடம்பு, அவர் ஆகிரத், அதாவது மறுமை. நான் வேண்டாம் என்றால் அடுத்தவள் உடம்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "மத உரிமை" என்று எழுதினால் எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்களே, அங்கே போகட்டும் என்பீர்கள். போகிறார்கள். ஆனால் நர்சம்மா அதே தெரு, மாமியாருக்கு ஒன்றுவிட்ட நாத்தனார். எட்டு ஊர் தள்ளி இருக்கிற மெடிக்கலைத் தேடி வருகிறவள் எதற்கு வருகிறாள் என்று யோசியுங்கள்.

முதலாளியிடம் பேசினேன். வைக்கமாட்டேன் என்றுதான் இன்னும் சொல்கிறார். சரி, அப்படியானால் ஸ்டாக் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், "இங்கே வைக்கிறதில்லை, இன்ன கடையில் கிடைக்கும், இன்றைக்கே போ" என்று சொல்வேன் என்றேன். யோசித்துவிட்டு, சொல்லிக்கொள் என்றார். இப்போது என் சிக்கல், அனுப்பி வைக்க எனக்கு ஒரு கடை பெயர் வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பொதுவில் போட வேண்டாம், உங்கள் கல்லாவுக்கு எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன்.