நாலு பேரை ஒரு ரூமில் போட்டால் அது குழு வேலை ஆகிவிடாது

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து அனுப்பும் பிரேக்கவுட் ரூமில் நாலு கறுப்புக் கட்டம், நாலு மைக்கும் மியூட். மேலே "இவர்களுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை" என்று ஒரு வரி. போட்டவரும் ஆசிரியர், ஆமாம் போட்டவர்களில் பாதிப்பேரும் ஆசிரியர்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

நாலு பேரை உள்ளே அனுப்பி "கலந்து பேசுங்கள்" என்றால் அது சேர்ந்து கற்பது ஆகாது. யாருக்கு எந்த வேலை என்று சொன்னீர்களா? ஒருவர் வாயே திறக்காவிட்டால் மற்றவர்களுக்கு ஏதாவது குறையுமா? குறையாது என்றால் அவர் எதற்குப் பேச வேண்டும்?

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெவ்வேறு இனப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது வகுப்பெல்லாம் பகை. உளவியலாளர் எலியட் ஆரன்சன் அறிவுரை சொல்லவில்லை. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். அதுதான் ஜிக்சா முறை. பக்கத்துப் பையன் சொன்னால்தான் மீதிப் பாடம் தெரியும் என்றானதும் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். வேலை மாறியது, மனப்பான்மையும் மாறியது.

"அறுபது பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?" நடக்கும். முந்தின நாள் பாடத்தைப் பிரித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். "மார்க் போட்டால் செய்வார்கள்." குழுவுக்கு ஒரே மார்க் போட்டுப் பாருங்கள், ஒருத்தி செய்வாள், மூன்று பேர் வாங்கிக்கொள்வார்கள். நெட் கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், அது உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் "கேமராவைப் போடச் சொல்லுங்கள்" என்கிறவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். ஒருநாள் ஒரு ரூமுக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. எல்லோருக்கும் பொதுவான டாக்குமென்டில் ஒரே ஒரு கர்சர் நகர்கிறது. எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். மேலே நாலு பேர் பெயரும் இருந்தது. "மத்தவங்க எங்கேம்மா?" என்று சாட்டில் கேட்டேன். "பரவாயில்லை மிஸ், நானே முடிச்சிடறேன்."

அந்த மூவரில் ஒருவனை அப்புறம் தனியாகக் கேட்டேன். "அவ நல்லா எழுதுவா மிஸ். நான் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றான். இதற்குப் பெயர் அக்கறையின்மையா? அடுத்த வாரம் அவனுக்கென்று ஒரு பகுதி கொடுத்தேன். மைக்கைத் திறந்து, "நான் பேசலாமா?" என்று குழுவில் மற்ற மூன்று பேரிடமும் அனுமதி கேட்டான்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் சார். அதில் பிள்ளைகளின் பெயர்கள் தெரிகின்றன.